புயலுக்குப் பெயர் சூட்டிய மாலுமி ஹென்றி பிடிங்டன்



2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவை நம்மில் யார்தான் மறக்க முடியும்? ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த இரவு அது. முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டில் மின்சாரம் நின்றுபோய், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். நள்ளிரவு நெருங்கும் வேளையில், புயல் கரையைக் கடந்துவிட்டதாம் என்று அப்பா கைப்பேசியைப் பார்த்துச் சொன்னார். ஆபத்து நீங்கியது என்று எல்லோரும் பாயை விரித்தோம். பாட்டி மட்டும் படுக்கவில்லை. கரையைக் கடந்தது என்றால் ஊரைவிட்டுப் போய்விட்டது என்று பொருளா என்று கேட்டுவிட்டு, தரையில் இருந்த அரிசி மூட்டையையும் எங்கள் புத்தகப் பைகளையும் கட்டில்மேல் ஏற்றி வைத்தார். பாட்டி சொன்னதே சரியாயிற்று. கரையேறிய புயல் பல மணி நேரம் நம் ஊரின் அருகிலேயே அசையாமல் நின்றது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டித் தீர்த்தது. விடிந்து பார்த்தபோது வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் வந்திருந்தது. எங்கள் புத்தகங்கள் மட்டும் நனையாமல் இருந்தன.

புயலின் போக்கை அறிந்தவர் சொல்லைக் கேட்டால் பிழைக்கலாம் என்பதை அன்று கண்டேன். அப்படிப் புயலை அறிந்து சொன்ன ஒரு பெரியவரின் வாழ்க்கையையே இங்கு எழுத விரும்புகிறேன். அவர் பெயர் ஹென்றி பிடிங்டன். இன்று உலகமெங்கும் வழங்கும் சைக்ளோன் என்ற சொல்லை ஆக்கித் தந்தவர் அவரே.

கடலே பள்ளிக்கூடம்

பிடிங்டன் 1797ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் இங்கிலாந்தின் சசெக்ஸ் மாவட்டத்தில் அக்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். வாணிகக் கப்பலில் சேர்ந்து, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் சென்று வந்த கப்பல்களில் பணிபுரிந்து, கப்பல் தலைவராகவும் உயர்ந்தார். பாய்மரக் கப்பல்களின் காலம் அது. காற்றே கப்பலை நடத்தியது. அதே காற்றே கப்பலைக் கவிழ்க்கவும் செய்தது. வானொலி கிடையாது, செயற்கைக்கோள் கிடையாது. நடுக்கடலில் புயலில் அகப்பட்ட மாலுமிக்குத் துணை, ஒரு திசைகாட்டியும் ஒரு பாரமானியும்தான்.

பிறகு அவர் கடல் வாழ்வை விட்டுக் கல்கத்தாவில் குடியேறினார். அங்கே அவர் செய்த வேலைகளைக் கேட்டால் வியப்பாக இருக்கும். 1832இல் இந்தியத் தாவரங்களுக்கு ஒரு பெயர் அகராதி வெளியிட்டார். மண்ணையும் கனிமங்களையும் ஆராய்ந்தார். பொருளாதார நிலவியல் அருங்காட்சியகத்தின் காப்பாளராகப் பணியாற்றினார். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்தின் தலைவராகவும் இருந்தார். உடைந்த கப்பல்களின் கதையைக் கேட்டுக் கேட்டு, இத்தனை உயிர்கள் ஏன் போக வேண்டும் என்ற கேள்வி அவர் நெஞ்சில் எழுந்திருக்குமன்றோ?

நாட்குறிப்புகளில் கிடைத்த புதையல்

புயற்காற்று நேர்கோட்டில் வீசுவதில்லை, ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது என்பதை அமெரிக்காவில் வில்லியம் ரெட்ஃபீல்டு என்பவர் 1831இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். ஆங்கிலேயப் படைப் பொறியாளரான வில்லியம் ரீடு 1838இல் அதைப்பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுதினார். அந்த நூல் பிடிங்டனின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. இதே விதி நமது வங்கக் கடலுக்கும் பொருந்துமா என்று அவர் ஆராயத் தொடங்கினார்.

எப்படி ஆராய்ந்தார்? கப்பல்களின் நாட்குறிப்பு ஏடுகளைக் கொண்டுதான்! ஒவ்வொரு கப்பலிலும் இன்ன மணிக்கு இன்ன திசையிலிருந்து காற்று வீசியது, பாரமானி எவ்வளவு இறங்கியது, கடல் எப்படி இருந்தது என்று எழுதி வைப்பது வழக்கம். புயல் ஒன்று வந்து சென்றால், அதில் அகப்பட்ட கப்பல்களின் ஏடுகளைக் கேட்டு வாங்கி, கடல் வரைபடத்தில் ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்து, அங்கங்கே காற்றின் திசைக்கு அம்புக்குறி இடுவார். அம்புகளெல்லாம் சேர்ந்து ஒரு வட்டத்தைக் காட்டும். வட்டத்தின் நடுவே புயலின் மையம் இருக்கும். இவ்வாறு 1839 முதல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுரைகள் எழுதிவந்தார்.

அவர் ஆராய்ந்தவற்றுள் சார்லஸ் ஹெடில் என்ற சிறு கப்பலின் கதை மிகச் சுவையானது. 1845ஆம் ஆண்டு பிப்ரவரியில் மொரீஷியஸ் தீவுக்கு அருகே புயலில் அகப்பட்ட அக்கப்பல், காற்று தள்ளிய வழியே ஓடியது. நாட்கணக்கில் ஓடியும் அது தொலைவு செல்லவில்லை. செக்கு மாடுபோலப் புயலின் மையத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருந்ததை அதன் ஏட்டிலிருந்து பிடிங்டன் கண்டுபிடித்தார். காற்று சுழல்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கொம்பு அட்டையும் புதிய பெயரும்

தாம் கண்ட உண்மை அறிஞர்களின் அலமாரியில் தூங்குவதை அவர் விரும்பவில்லை. எளிய மாலுமிகளும் புரிந்துகொள்ளும்படி நூல் எழுதினார். 1848இல் இலண்டனில் வெளியான மாலுமியின் புயல் விதிக் கையேடு அவருக்குப் பெரும்புகழ் தந்தது. அந்நூலோடு, விலங்கின் கொம்பிலிருந்து செய்த, ஒளி ஊடுருவும் இரண்டு மெல்லிய தகடுகளும் இருந்தன. அவற்றில் வட்டங்களும் காற்றின் திசை காட்டும் அம்புகளும் வரையப்பட்டிருந்தன. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயல் இடஞ்சுழியாகச் சுழலும். தெற்கே வலஞ்சுழியாகச் சுழலும். ஆகவே பாதிக்கு ஒன்றாக இரண்டு தகடுகள். மாலுமி தன் கப்பல் நிற்கும் இடத்தில், வீசும் காற்றின் திசைக்குப் பொருந்துமாறு தகட்டை வரைபடத்தின்மேல் வைத்தால் போதும். புயலின் மையம் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தப் பக்கம் தப்பி ஓடலாம் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். நம் பகுதியில் காற்றுக்கு எதிர்முகமாக நின்றால் மையம் ஏறக்குறைய நம் வலக்கைப் பக்கம் இருக்கும் என்பது இதிலிருந்து கிடைக்கும் எளிய பாடம்.

இப்படிச் சுழலும் புயல்களுக்குத் தனிப்பெயர் வேண்டும் என்று எண்ணிய பிடிங்டன், கிரேக்க மொழியை நாடினார். வட்டத்தையும், பாம்பு சுருண்டு கிடப்பதையும் குறிக்கும் சொல்லிலிருந்து சைக்ளோன் என்ற பெயரை அமைத்தார். செயற்கைக்கோள் எடுக்கும் படத்தில் புயல் சுருண்ட பாம்பைப் போலவே தோன்றுகிறது. மேலிருந்து பார்க்கவே முடியாத காலத்தில், ஏடுகளைப் புரட்டியே அந்த உருவத்தைக் கண்ட அவர் அறிவை என்னென்பது!

கேட்கப்படாத எச்சரிக்கை

காற்றைவிடக் கொடியது ஒன்று உண்டு என்பதை அவர் உணர்ந்திருந்தார். அதுவே புயல் அலை. ஆந்திரக் கரையில் கோதாவரி முகத்துவாரத்தின் அருகே கோரிங்கா என்ற துறைமுக ஊர் இருந்தது. 1789 டிசம்பரில் மூன்று பேரலைகள் அடுத்தடுத்து வந்து அவ்வூரை மூழ்கடித்தன. 1839 நவம்பரில் மீண்டும் ஒரு புயல் அலை வந்து, எஞ்சியிருந்ததையும் அழித்தது. ஆயிரமாயிரம் மக்கள் மாண்டனர்.

புயல் அலை எப்படி எழுகிறது? புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவதால் கடல் மட்டம் சிறிது உயர்கிறது. ஆனால் அது சிறு பங்குதான். பெரும் பங்கு காற்றுடையது. கடலிலிருந்து கரையை நோக்கி வீசும் சூறைக்காற்று தண்ணீரைத் தள்ளிக் கொண்டுவந்து கரையில் குவிக்கிறது. கடல் ஆழமின்றி இருந்தால் தள்ளப்பட்ட நீர் கீழே திரும்பிச் செல்ல வழியின்றி மேலே எழும்புகிறது. வங்காளத்து முகத்துவாரங்களில் கடல் ஆழமற்றது. கரையும் புனல்போலக் குறுகுகிறது. அதனால் அங்கே அழிவு மிகுதி. அந்நேரம் கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம்.

அக்காலத்தில் கல்கத்தாவின் ஊக்லி ஆறு வண்டல் படிந்து தூர்ந்துவிடுமோ என்று ஆட்சியாளர் அஞ்சினர். சுந்தரவனக் காட்டருகே மாட்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் கட்டத் திட்டமிட்டனர். இதைக் கேட்ட பிடிங்டன் மனம் பொறுக்கவில்லை. 1853இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசி பிரபுவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி அச்சிட்டார். அவ்விடம் கடலுக்கு நேராகத் திறந்து கிடக்கிறது, என்றேனும் ஒரு நாள் புயல் அலை வந்து ஊரையே மூழ்கடிக்கும் என்று எச்சரித்தார். ஆட்சியாளர் திட்டத்தைக் கைவிடவில்லை.

1858ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் பிடிங்டன் கல்கத்தாவில் காலமானார். அவர் மறைந்தபின் துறைமுகம் எழுந்தது. கேனிங் பிரபுவின் பெயரால் போர்ட் கேனிங் என்று அழைக்கப்பட்டது. ரயில் பாதையும் வந்தது. 1867 நவம்பரில் புயல் வந்தது. சுமார் ஆறு அடி உயர அலை ஊருக்குள் புகுந்தது. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது. கடிதம் எழுதி பதினான்கு ஆண்டுகளில் அவர் சொல் பலித்துவிட்டது. தாம் சொன்னது சரியாயிற்று என்று மகிழ அவர் உயிரோடு இல்லை. இருந்திருந்தாலும் மகிழ்ந்திருக்கமாட்டார், ஏனெனில் அவர் விரும்பியது வெற்றியை அன்று, உயிர்களைக் காப்பதையே!

நம் கரையில்

நம் புதுச்சேரிக்கும் புயல் புதிதன்று. 1761ஆம் ஆண்டு பிறந்த இரவில், நம் ஊரை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலேயக் கப்பல்களுள் பல புயலில் அழிந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பயணிகளோடு ரயிலும் போயிற்று. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் நமக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. கிழக்கிலிருந்து வரும் புயலுக்கு வடபுறத்துக் கரையில்தான் காற்று கடலிலிருந்து வீசும். ஆகவே அன்று நம் கடற்கரையை அலைகள் கடுமையாகத் தாக்கின. நம் கடல் வங்காளத்தைவிட ஆழமானது என்பதால் புயல் அலை அவ்வளவு உயரவில்லை.

1864இல் கல்கத்தாவை ஒரு பெரும்புயல் அழித்தபின், 1865இல் அத்துறைமுகத்திற்கு எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. இன்று ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையம் அலை உயரத்தையும் புயல் அலையையும் முன்கூட்டியே கணித்துக் கூறுகிறது. கடலில் மிதக்கும் மிதவைகள் அலையோடு ஏறி இறங்கி, அதன் உயரத்தை அளந்து கரைக்குச் செய்தி அனுப்புகின்றன. அன்று மாதக்கணக்கில் காத்திருந்து பிடிங்டன் சேர்த்த செய்தி, இன்று சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. ஆனால் செய்தி வந்தால் மட்டும் போதுமா? துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகும் கடற்கரைச் சாலையில் அலையை வேடிக்கை பார்க்க நிற்பவர்களை நாமே பார்க்கிறோம் அல்லவா?

தோழியரே! பிடிங்டன் பெரிய பட்டாளத்தை நடத்தியவரல்லர், நாட்டை ஆண்டவருமல்லர். பிறர் எழுதிவைத்த ஏடுகளைப் பொறுமையாகப் படித்தார். கண்ட உண்மையை அஞ்சாமல் எடுத்துரைத்தார். அடுத்த புயலின்போது கூண்டு ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டால், நாம் வேடிக்கை பார்க்கப் போகாமல் வீட்டிலிருந்து பாட்டிக்குத் துணையாக அரிசி மூட்டையை மேலே ஏற்றுவோம். அம்மாமனிதருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி,
முதலியார்பேட்டை