சுரேனிலிருந்து டக்காவ் வரை: நூர் இனாயத் கான்

எம்மவர் கூடும் லாச்சப்பலுக்கு மேற்கே, சேன் நதியின் அக்கரையில் சுரேன் என்னும் நகர் உள்ளது. அங்குள்ள பழைய வீடொன்றில் வளர்ந்த ஓர் இந்தியப் பெண், இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் விடுதலைக்காகத் தன் உயிரை ஈந்தார். நூர் இனாயத் கான் என்னும் அவரது வாழ்வு, நாடுவிட்டு நாடு வந்த நாம் அறிந்திருக்க வேண்டிய வாழ்வாகும்.

நூர் 1914 ஜனவரி 1ஆம் நாள் மொஸ்கோவிற் பிறந்தார். தந்தை இனாயத் கான் பரோடாவைச் சேர்ந்த இசைவாணர். சூபி ஞானத்தை மேற்குலகிற்கு எடுத்துச் சென்றவர். அவரது குடும்பம் திப்பு சுல்தானின் வழிவந்தது. தாயார் அமெரிக்கர். 1922 முதல் குடும்பம் சுரேனில் வாழ்ந்தது. 1927இல் தந்தை டெல்லியில் மறைந்தார். தாயார் துயரில் ஒடுங்கிப்போக, பதின்மூன்று வயது நூரே தம்பியர் இருவரையும் தங்கையையும் தாங்கும் பொறுப்பை ஏற்றார். பின்னர் சோர்போன் பல்கலைக்கழகத்திற் குழந்தை உளவியல் பயின்றார். யாழ்போன்ற ஹார்ப் இசைக்கருவியை மீட்டினார். சிறுவர்களுக்குக் கதைகள் எழுதினார். புத்த ஜாதகக் கதைகள் இருபதை அவர் மீட்டெழுதிய நூல் 1939இல் வெளியாயிற்று.

1940 ஜூனில் ஜேர்மன் படைகள் பாரிசை நெருங்கின. தெற்கு நோக்கி ஓடிய மக்கள் வெள்ளத்தோடு நூரின் குடும்பமும் வீட்டை விட்டுப் புறப்பட்டது. போர்தோ துறைமுகத்திற் கப்பலேறி இங்கிலாந்தை அடைந்தனர். உயிர் தப்பியாயிற்று என்று அவர் அமைதி கொள்ளவில்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே பிரித்தானிய வான்படையின் மகளிர் துணைப்பிரிவிற் சேர்ந்து, வானொலித் தந்தி அனுப்பும் பயிற்சி பெற்றார். போர் முடிந்தபின் இந்திய விடுதலைக்காக நிற்க நேரலாம் என்பதைப் பிரித்தானிய அதிகாரிகளிடமே அவர் மறைக்காது கூறியவர். பொய் பேச அறியாத இந்த இயல்பு உளவுப் பணிக்கு ஒவ்வாது எனப் பயிற்றுவித்தோர் சிலர் ஐயுற்றனர். எனினும், பிரெஞ்சு மொழியும் தந்தித் திறனும் ஒருங்கே அமைந்தோர் அன்று அரியராய் இருந்தனர்.

1943 ஜூன் 16ஆம் நாள் இரவு சிறு விமானமொன்று அவரைப் பிரான்சில் இறக்கியது. ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சிற்கு இலண்டனின் இரகசியப் போர்ப்பிரிவு அனுப்பிய முதலாவது பெண் வானொலியாளர் அவரே. மடலேன் என்பது அவரது மறைபெயர். வந்து சில நாட்களிலேயே அவர் சார்ந்த வலையமைப்பின் தலைவரும் பலரும் கைதாகினர். திரும்பி வருமாறு இலண்டன் அழைத்தது. தான் போய்விட்டாற் செய்தித் தொடர்பு அறுந்துவிடும் என்று அவர் மறுத்தார். பாரமான கருவியைப் பெட்டியிற் சுமந்து, இடம் மாறி இடம் மாறி, நான்கு மாதங்கள் செய்தி அனுப்பினார். தம்மை எவரும் அடையாளம் காணக்கூடிய சுரேனிலும் பழைய நண்பரின் வீட்டிலிருந்து பணி செய்தார்.

ஒக்டோபரிற் காட்டிக்கொடுக்கப்பட்டுக் கைதானார். அவனியூ ஃபோஷ் 84ஆம் இலக்கக் கட்டடத்திலிருந்து இருமுறை தப்ப முயன்றார். விசாரணையில் அவர் எதையும் வெளியிடவில்லை என்பதைப் பின்னாளில் ஜேர்மன் அதிகாரியே ஒப்புக்கொண்டார்.

ஆயினும் ஓர் உண்மையை நாம் மறைத்தல் தகாது. அனுப்பிய செய்திகளின் பிரதிகளை அவர் குறிப்பேட்டில் வைத்திருந்தார். அது பகைவர் கையிற் சிக்கியது. அவர் பெயராற் பொய்ச் செய்திகள் இலண்டனுக்குச் சென்றன, இலண்டன் நம்பியது. அதனால் 1944 பெப்ரவரியில் வானிலிருந்து குதித்த சிலர் நேரே ஜேர்மனியர் கையில் வீழ்ந்தனர். மடலேன் தமெர்மோன் என்ற பிரெஞ்சுப் பெண் அவர்களுள் ஒருவர்.

நூர் ஜேர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையிற் பத்து மாதங்கள் விலங்கிட்டுத் தனிமையில் அடைக்கப்பட்டார். 1944 செப்ரெம்பர் 13ஆம் நாள் டக்காவ் முகாமிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று உடன் மாண்ட மூவருள் தமெர்மோனும் இருந்தார். நூருக்கு வயது முப்பது.

பிரான்சு போர்ச்சிலுவையும், 1949இற் பிரித்தானியா ஜோர்ஜ் சிலுவையும் அளித்தன. 2012இல் இலண்டனில் அவரது உருவச்சிலை திறக்கப்பட்டது.

பிறந்த நாடு ஒன்று, வளர்ந்த நாடு வேறு, வேர்கொண்ட நாடு இன்னொன்று. இவற்றுள் எது உமது நாடு என்ற வினா எம்மையும் எம் பிள்ளைகளையும் நாள்தோறும் தொடர்கின்றது. நூர் ஒன்றைக் கைவிட்டு மற்றதைத் தேர்ந்தவரல்லர். தம்மை வளர்த்த மண்ணுக்குக் கடன் தீர்த்தவாறே தந்தையின் மண்ணையும் நெஞ்சில் வைத்திருந்தார். அவ்வழி எமக்கும் திறந்தே உள்ளது.