வெலிக்கடையில் வீழ்த்தப்பட்ட கப்டன் பேதிரிஸ்

வெலிக்கடைச் சிறைச்சாலை என்றதும் வல்வெட்டித்துறை மக்களின் நெஞ்சில் எழுவது 1983ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25ஆம் திகதியாகும். அந்த மண்ணின் பிள்ளைகளான குட்டிமணியும் தங்கத்துரையும் ஏனைய தமிழ்க் கைதிகளுடன் அன்று சிறைக்கூடங்களுக்குள்ளேயே அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டனர். அதே சிறைச்சாலையில், அதற்கு 68 ஆண்டுகளுக்கு முன்னர், அதே ஜூலை மாதத்தில், 26 வயதேயான சிங்கள இளைஞர் ஒருவர் நாற்காலியில் இருத்தப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதை எம்மவர்களில் பலர் அறியார். எட்வேர்ட் ஹென்றி பேதிரிஸ் என்ற அந்த இளைஞரின் பெயரைத் தென்னிலங்கையில் பாடசாலைச் சிறுவரும் அறிவர். கொழும்பு ஹெவ்லொக் நகரில் அவருக்குச் சிலை உண்டு. அவரது பெயரில் விளையாட்டரங்கும் உண்டு. வடக்கில் அவரது கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் அது நாம் படிக்க வேண்டிய கதை. சட்டம் ஒப்படைத்த துப்பாக்கியைச் சட்டப்படியே தாங்கி நின்ற குடிமகன் ஒருவனை, அதே சட்டத்தின் காவலர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதே அதன் சாரம்.

பேதிரிஸ் 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் திகதி பிறந்தார். தந்தை டி.டி. பேதிரிஸ் அக்காலத்துப் பெரும் வர்த்தகர்களில் ஒருவர். நான்கு சகோதரிகளுக்குப் பின் பிறந்த ஒரே மகன் என்பதால் வீட்டில் செல்லத்துக்குக் குறைவிருக்கவில்லை. கொழும்பின் முன்னணிக் கல்லூரிகளில் பயின்றார். படிப்பைக் காட்டிலும் விளையாட்டிலேயே அவருக்கு நாட்டம் அதிகம். குதிரையேற்றத்திலும் குறிபார்த்துச் சுடுவதிலும் வல்லவர் எனப் பெயரெடுத்தார். காலப்போக்கில் தந்தையின் வர்த்தகத்தில் இணைந்து கொண்டார்.

1914இல் முதலாவது உலகப் போர் மூண்டது. இலங்கையிலிருந்த பிரித்தானியத் துருப்புக்களை வேறு களங்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தமையால், தலைநகரைப் பாதுகாக்கக் கொழும்பு நகரக் காவற்படை என்ற தொண்டர் படை உருவாக்கப்பட்டது. பேதிரிஸ் அதில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். அவரது குதிரையேற்றமும் சுடும் திறனும் அவரை விரைவிலேயே கப்டன் தரத்துக்கு உயர்த்தின. முடிக்குரிய அரசின் சீருடையுடனும் ஆயுதத்துடனும் இந்நாட்டவர் ஒருவர் கம்பீரமான குதிரையில் கொழும்பு வீதிகளில் வலம் வந்ததை வெள்ளைக்கார அதிகாரிகள் சிலர் இரசிக்கவில்லை என்று தென்னிலங்கையில் இன்றும் சொல்லப்படுகிறது. அது எவ்வளவு தூரம் உண்மையோ, பின்னர் நடந்தவை அந்தப் பேச்சுக்கு வலுச் சேர்த்தன.

1915ஆம் ஆண்டு மே மாத இறுதியில், வெசாக் நாளன்று, கண்டியில் பள்ளிவாசல் ஒன்றின் முன்பாக பௌத்த ஊர்வலம் சென்றதைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. கம்பளையில் பெரஹரா ஊர்வலம் பள்ளிவாசலைக் கடக்கும்போது வாத்தியம் இசைக்கலாமா என்பது குறித்த வழக்கு ஏற்கனவே புகைந்து கொண்டிருந்தது. ஓரிரு நாட்களில் தீ கொழும்புக்கும் மேல் மாகாணமெங்கும் பரவியது. உத்தியோகபூர்வக் கணக்கின்படி முஸ்லிம்கள் 25 பேர் கொல்லப்பட்டனர். அவர்களது கடைகள் நாலாயிரத்துக்கு மேல் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. பேதிரிஸின் கதையைச் சொல்வோர் பலர் இந்த இடத்தை இரண்டு வரிகளில் கடந்து விடுகின்றனர். அது முறையன்று. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் துப்பாக்கி முனையில் வெளியேற்றப்பட்டதைக் கண்ட எமக்கு, 1915இல் எரிந்த கடைகளின் சொந்தக்காரர்களை மறக்கும் உரிமை சிறிதும் இல்லை.

கலவரத்தின் முதல் நாட்களில் பொலிஸ் படை செயலிழந்து நின்றது. பொலிஸ் மாஅதிபர் ஹேர்பேர்ட் டௌபிகினின் நிர்வாகம் கைகட்டி நின்றதாக அன்றே கண்டனம் எழுந்தது. ஜூன் 2ஆம் திகதி ஆளுநர் சேர் ரொபேர்ட் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். அதன் பின்னர் நிலைமை மறு எல்லைக்குப் போயிற்று. இது ஜேர்மனியுடன் தொடர்புடைய அரச எதிர்ப்புக் கிளர்ச்சியோ என்ற அச்சம் ஆட்சியாளரைப் பிடித்துக் கொண்டது. மதுவொழிப்பு இயக்கத்தின் தலைவர்களான சேனாநாயக்க சகோதரர்கள், டி.பி. ஜயதிலக்க, டபிள்யூ.ஏ. டி சில்வா ஆகியோர் சிறையிலடைக்கப்பட்டனர். அநாகரிக தர்மபாலவின் சகோதரர் எட்மண்ட் ஹேவாவிதாரண தண்டிக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணச் சிறையில் காய்ச்சலால் உயிரிழந்தார்.

பேதிரிஸின் கைக்கு வருவோம். கலவர நாட்களில் அவர் கடமையிலிருந்த அதிகாரி. அவரது குடும்பத்தின் வர்த்தக நிலையமும் புறக்கோட்டையில் இருந்தது. பேலியகொடைப் பக்கமிருந்து நகருக்குள் நுழைய முயன்ற கூட்டத்தை அவர் பேசிக் கலைத்தார் என்பது அவர் சார்பானவர்களின் கூற்று. அவரே துப்பாக்கியால் சுட்டு அந்தக் கூட்டத்தைத் தூண்டி விட்டார் என்பது அரசின் குற்றச்சாட்டு. துப்பாக்கி அவரிடம் இருந்தமை குற்றமாக இருக்கவில்லை. அதை வழங்கியதே அரசுதான். அதைத் தாங்கி வீதியில் நின்றமையும் குற்றமன்று. அதற்காகவே அவர் நியமிக்கப்பட்டிருந்தார். அந்தத் துப்பாக்கி யாருக்காக இருந்தது என்பதே கேள்வியாயிற்று. அக்கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் அவரைச் சந்தேகித்தவர்களின் கையிலேயே இருந்தது.

சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருந்த போதும் அவர் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். ஜூரிகள் இல்லை. மேன்முறையீட்டுக்கு வழியில்லை. தேசத்துரோகம் உள்ளிட்ட குற்றங்களுக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. குடும்பத்தவரும் பிரமுகர்களும் விடுத்த கருணை வேண்டுகோள்கள் எடுபடவில்லை. அவரது எடைக்கு எடை பொன் தருவதாகத் தந்தை வேண்டினார் என்றொரு கதையும் உண்டு. ஜூலை 7ஆம் திகதி இந்தியச் சிப்பாய்களைக் கொண்ட துப்பாக்கி அணியினரால் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இரத்தம் தோய்ந்த நாற்காலி, அதே சிறையிலிருந்த ஏனைய தலைவர்களின் அறைகளுக்கு முன்பாக எடுத்துச் செல்லப்பட்டது என்றும் கூறப்படுகிறது. உடல் இரகசியமாகப் புதைக்கப்பட்டது. எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது 1987இல்தான். மகனின் நினைவாகத் தந்தை எழுப்பிய இசிப்பத்தனாராமய விகாரை ஹெவ்லொக் நகரில் இன்றும் நிற்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே வாரங்களில் ஆயுதம் தாங்கி வீதிக்கு வந்தவர்கள் பேதிரிஸ் போன்றோர் மட்டுமல்லர். ஐரோப்பியத் தோட்டத்துரைமாரும் வர்த்தகரும் தொண்டர்களாகவும் விசேட கான்ஸ்டபிள்களாகவும் துப்பாக்கி ஏந்திக் கிராமங்களுக்குச் சென்றனர். விசாரணையின்றிச் சுடப்பட்டவர்கள் பற்றிய முறைப்பாடுகள் குவிந்தன. அவர்களில் எவரும் சுவரோடு நிறுத்தப்படவில்லை. மாறாக, அவர்கள் மீது வழக்குத் தொடர முடியாதபடி 1915ஆம் ஆண்டிலேயே பாதுகாப்புக் கட்டளை ஒன்று பிறப்பிக்கப்பட்டது. பின்னர் கேகாலைப் பகுதிச் சூடுகள் குறித்து ஆணைக்குழு விசாரித்த போதும் அந்தக் கட்டளை குறுக்கே நின்றது. ஒரே நகரம், ஒரே இராணுவச் சட்டம், ஒரே வகைத் துப்பாக்கி. தாங்கியவரின் தோல் மாத்திரம் வேறு.

இது இலங்கைக்கு மட்டும் உரிய விந்தையன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாக எடுத்துச் செல்வதைச் சட்டம் ஒரு காலத்தில் அனுமதித்திருந்தது. 1966இன் பிற்பகுதியில் ஓக்லாந்தில் கருஞ்சிறுத்தைகள் கட்சியை நிறுவிய ஹியூ நியூட்டனும் தோழர்களும், சட்டப்புத்தகத்தை ஒரு கையிலும் துப்பாக்கியை மறு கையிலும் வைத்துக்கொண்டு பொலிஸ் ரோந்து வாகனங்களைப் பின்தொடர்ந்தனர். கறுப்பின மக்கள் அந்த உரிமையைக் கையிலெடுத்ததும், 1967இல் ஆளுநர் ரொனால்ட் ரீகனின் கையொப்பத்துடன் உரிமையே இல்லாமற் போயிற்று. 2016இல் மினசோட்டாவில், தன்னிடம் அனுமதி பெற்ற துப்பாக்கி இருப்பதைப் பணிவுடன் அறிவித்த கறுப்பின வாகனமோட்டி ஒருவரை, மறித்த பொலிஸ் அதிகாரி காருக்குள்ளேயே சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டு ஜூரிகள் அந்த அதிகாரியை விடுவித்தனர்.

பேதிரிஸ் விவகாரத்தில் தமிழருக்குரிய பங்கு சிறிதன்று. சட்டநிரூபண சபையில் படித்த இலங்கையரின் பிரதிநிதியாக இருந்த சேர் பொன்னம்பலம் இராமநாதன், ஆளுநரின் முகத்துக்கு நேரே இராணுவச் சட்டத்தின் அத்துமீறல்களை எடுத்துரைத்தார். நீர்மூழ்கிகளின் அச்சுறுத்தல் நிறைந்த போர்க்காலக் கடலில் இலண்டன் சென்று சிங்களத் தலைவர்களுக்காக வாதாடினார். அங்கே 1916இல் இவ்விடயம் குறித்து ஒரு நூலையும் வெளியிட்டார். சால்மர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். நாடு திரும்பிய இராமநாதனின் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களப் பிரமுகர்களே அதை இழுத்துச் சென்ற காட்சியைத் தமிழர் மறப்பதில்லை. ஆனால் இராமநாதனின் வாதத்தில் பாதிக்கப்பட்ட முஸ்லிம்களின் குரல் போதுமானளவு ஒலிக்கவில்லை என்ற மனத்தாங்கல் அச்சமூகத்திடம் தங்கிவிட்டது. அதுவும் நியாயமானதே.

1916இல் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் வந்தது. கலவரத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. எனினும், எவரிடம் துவக்கு இருக்கலாம் என்பதை (யாழ்ப்பாணத்தில் துப்பாக்கிக்கு அதுதானே பெயர்) அனுமதிப்பத்திரத்தின் மூலம் அரசே தீர்மானிக்கும் முறை அதன் வழியேதான் இன்றளவும் நடைபெறுகிறது. பயிரைப் பன்றியிடமிருந்து காக்கும் விவசாயி அந்தக் காகிதத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

குட்டிமணியின் ஆயுதத்துக்கு அப்படியான காகிதம் எதுவும் இருக்கவில்லை. பேதிரிஸுடன் அவரை ஒரே தட்டில் வைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் அவரும் நீதிமன்றத்தால் மரண தண்டனை விதிக்கப்பட்டு அரசின் காவலில் இருந்தவர். அவரைச் சாகடித்தது அந்தத் தீர்ப்பன்று. பேதிரிஸுக்கு 109 ஆண்டுகளின் பின்னர், 2024இல், அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க பொதுமன்னிப்பு வழங்கினார். குற்றமே செய்யாதவருக்கு மன்னிப்பு எதற்கு என்ற வினா இருந்தாலும், அரசு காலங்கடந்தேனும் வாய் திறந்தது. 1983 ஜூலை 25ஆம் திகதியும் 27ஆம் திகதியும் வெலிக்கடையில் கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகள் தொடர்பில் இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.