பேராசிரியர் ஹால்டேன்

தந்தையாரின் ஆய்வுகூடத்தையே பள்ளியாகக் கொண்டு வளர்ந்தவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஒக்ஸ்போர்ட் நகரிற் பிறந்த அவர், உடற்றொழிலியல் வல்லுநரான தம் தந்தையாருக்குச் சிறு பிராயத்திலேயே உதவியாளரானார். சுரங்கத்து வாயுக்களின் இயல்பை அறியத் தந்தையார் தம் உடலையும் மைந்தன் உடலையுமே சோதனைக் களமாக்கினார். உடலைப் பற்றிய கூச்சமின்மையும் துணிவும் ஹால்டேனுக்கு அங்கு வாய்த்தன.

ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையில் அவர் பயின்றவை கணிதமும் பண்டைய இலக்கியங்களுமே. விஞ்ஞானத்தில் அவர் பட்டம் பெற்றிலர். முதலாம் உலக யுத்தத்திற் போர்வீரராய்ச் சென்று, மெசப்பொத்தேமியாவிற் காயமுற்று, இந்தியாவில் உடல் தேறினார். அன்று அந்நாட்டின்மீது எழுந்த பற்று பின்னாளில் அவரை மீண்டும் அங்கு அழைத்தது.

1933ஆம் ஆண்டில் இலண்டன் யூனிவர்சிட்டிக் கல்லூரியிற் பேராசிரியரான ஹால்டேன், பிறப்புரிமையியலைக் கணிதத்தால் அளந்தார். இரத்தம் உறையாது ஒழுகும் ஹீமோபீலியா என்னும் நோய் பெரும்பாலும் ஆண்களையே வருத்துவது. ஆயின் அதன் வித்தைச் சுமந்து மகனுக்கு அளிப்பவள் தாய். மனிதரின் பரம்பரையலகு ஒன்று எத்துணை விரைவில் விகாரமடையும் என்பதனை, இந்நோயைக் கொண்டு அவர் 1935இற் கணித்தார். இந்நோய்க்குக் காரணமான புதிய விகாரங்கள் தாயினும் தந்தையின் உயிரணுக்களிலேயே மிகுதியாகத் தோன்றுகின்றன என்றும் 1947இற் காட்டினார்.

ஆடவரின் நோயை அறியத் தாய்வழியையும் ஆராய்தல் வேண்டும் என்னும் இக்கருத்து, கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள நம் கரையோர ஊர்களுக்கு எளிதில் விளங்கக்கூடியது. தாயின் வழியே குடி வகுத்து, ஒரு குடிக்குள் மணம் முடிக்காத வழக்கம் இங்கு முஸ்லிம்களிடத்தும் தமிழர்களிடத்தும் நெடுங்காலம் நிலவியதன்றோ!

ஆடவர்க்கே உரிய புரோஸ்டேட் சுரப்பியிற் தோன்றும் புற்றுநோயிலும் பரம்பரைக்குப் பங்குண்டு. அதற்கு ஏதுவாகும் நுண்ணிய வேறுபாடுகள் பல நூறு இன்று அறியப்பட்டுள்ளன. அவை தனித்தனியே சிறிதளவே ஆபத்தைக் கூட்டுவன. ஆயின் 1995இற் கண்டறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ.2 என்னும் பரம்பரையலகிற் பழுது நேரின், ஆபத்துப் பன்மடங்காகும்; நோய் இள வயதிலேயே கடுமையாகவும் வரலாம். அப்பழுது தந்தையிடமிருந்தும் வரலாம், தாயிடமிருந்தும் வரலாம். அதே பழுது பெண்களுக்கு மார்பகத்திலும் சூலகத்திலும் புற்றுநோயை விளைவிப்பது. ஆதலால் தாய்க்கோ பெரியம்மாவுக்கோ வந்த மார்பகப் புற்றுநோய், மகனும் வைத்தியரிடம் கூறவேண்டிய செய்தியாகும். பழுதுடையோர் என அறியப்பட்ட ஆடவர் 40 வயது முதலே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு வைத்தியர்கள் அறிவுறுத்துகின்றனர்.

ஹால்டேன் 1957இல் இங்கிலாந்தைத் துறந்து கல்கத்தாவின் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவகத்திற் சேர்ந்தார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். இந்திய உடை பூண்டு, சைவ உணவு உண்டு வாழ்ந்தார். பின்னர் புவனேஸ்வரத்தில் ஆய்வுகூடம் ஒன்றை அமைத்தார். அங்கிருக்கையில் மலக்குடற் புற்றுநோய் அவரைப் பற்றியது. வெளியே சொல்லவும் பலர் நாணும் உறுப்பில் வந்த அந்நோயைப் பற்றி, இலண்டன் வைத்தியசாலையிற் படுத்திருந்தவாறே 1964இல் நகைச்சுவைக் கவிதையொன்று எழுதி வெளியிட்டார். ஐயம் தோன்றியவுடன் நாணாது வைத்தியரை நாடுக என்பதே அதன் சாரம்.

1964 டிசம்பர் 1ஆம் நாள் புவனேஸ்வரத்தில் அவர் மறைந்தார். அவர் விருப்பப்படியே உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் கல்விக்கு அளிக்கப்பட்டது.

அவர் கவிதை கண்டித்த நாணம் நம்மிடையேயும் உண்டு. சிறுநீர் தடைப்பட்டும் மனைவியிடங்கூட வாய் திறவாது மாதங்களைக் கழிக்கும் முதியோர் நம் ஊர்களில் உளர். சம்பந்தம் பேசுகையில் குடியைக் கேட்டறியும் நம் பெரியோர், அக்குடியில் வந்த நோயையும் கேட்டறிந்து பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பாராயின், ஹால்டேனின் உழைப்பின் பயன் நம் கரையையும் வந்தடையும்.