மலைமக்களின் காவலர்

காட்டையே தாயாகவும் மனையாகவும் கொண்டு வாழ்பவர் மலைவாழ் மக்கள். மதுரைக்கு மேற்கே பழனி மலையிலும் வருசநாட்டு மலையிலும் தேனும் கிழங்கும் தேடி வாழ்ந்த பளியர் இத்தகையோரே. அக்காட்டினை அயலார் கவர்ந்துகொண்டால் அம்மக்களின் நிலை யாதாகும்? அத்தகைய இடுக்கண் நேர்ந்தபோது அவர்கட்காகத் தம் உயிரையே ஈந்தவர் அல்லூரி சீதாராமராஜு ஆவார்.

இளமை

சீதாராமராஜு 1897 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4 ஆம் நாள், விசாகப்பட்டினத்தை அடுத்த பாண்டிரங்கி என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்பகுதி அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. சிறு வயதிலேயே அவர் தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பில் அவர் உள்ளம் நிலைகொள்ளவில்லை. இளமையிலேயே துறவுக்கோலம் பூண்டு பல இடங்களுக்கும் சென்ற அவர், இறுதியில் கூடெம் மலைப்பகுதியை அடைந்தார். ஆங்கு வாழ்ந்த எளிய மக்களின் நோய்க்கு மருந்தளித்தார். கள்ளுண்ணலை விடுமாறும், வழக்குகளைத் தம்முள்ளேயே தீர்த்துக்கொள்ளுமாறும் அறிவுறுத்தினார். மக்கள் அவரைத் தம் தலைவராகப் போற்றினர்.

காட்டுச் சட்டம்

அம்மக்கள் மலைச்சரிவில் உள்ள புதர்களை வெட்டி எரித்து, அச்சாம்பலில் தானியம் விதைப்பர். சில ஆண்டுகள் சென்றபின் அந்நிலத்தை ஓயவிட்டு வேறிடம் செல்வர்; விட்ட இடத்தில் காடு மீண்டும் தழைக்கும். இதனைப் ‘போடு’ வேளாண்மை என்பர். ஆனால், இருப்புப்பாதைகளுக்கும் பிறவற்றிற்கும் மரம் வேண்டிய ஆங்கில அரசு, 1882 ஆம் ஆண்டில் சென்னைக் காட்டுச் சட்டத்தை இயற்றியது. காடுகள் காப்புக்காடுகள் ஆயின. பெருமரங்கள் வணிகத்திற்கு வீழ்த்தப்பட்டன. விறகு பொறுக்கிய ஏழையோ குற்றவாளி எனப்பட்டான். மதுரை மலைகளுக்கும் இச்சட்டமே உரியதாயிற்று. போதாக்குறைக்கு, மலைச்சாலை அமைக்கும் பணியில் கூடெம் மக்கள் அற்பக் கூலிக்கு வருத்தப்பட்டனர். அவர்தம் முறையீடுகள் பயன் தரவில்லை.

போராட்டம்

பொறுமை எல்லை கடந்தது. 1922 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22 ஆம் நாள், சீதாராமராஜு தம் தோழர்களுடன் சிந்தப்பள்ளிக் காவல்நிலையத்தைத் தாக்கிப் படைக்கலங்களைக் கைப்பற்றினார். அடுத்தடுத்த நாள்களில் கிருஷ்ணதேவிபேட்டை, இராஜவொம்மங்கி நிலையங்களும் தாக்குண்டன. தாம் வருவதை முன்னரே அறிவித்துவிட்டே பின்னாளில் அவர் தாக்கினார் என்று கூறுவர். மலபார்ச் சிறப்புக் காவற்படையும் அசாம் படையும் வரவழைக்கப்பட்டன. எனினும், காட்டின் ஒவ்வொரு வழியையும் அறிந்த மலைமக்களை எளிதில் அடக்க இயலவில்லை. ஏறத்தாழ ஈராண்டுகள் போர் நீடித்தது. சிற்றூர் மக்கள் சொல்லொணாத் துன்பம் உற்றனர். 1924 ஆம் ஆண்டு மேத் திங்கள் 7 ஆம் நாள் சீதாராமராஜு பிடிபட்டு, முறையான விசாரணை இன்றிச் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு அகவை இருபத்தேழும் நிறையவில்லை.

பயன்

அவருடைய போராட்டம் அன்று வெற்றி பெறவில்லை. ஆயினும் அவர் எழுப்பிய வினா மறையவில்லை. காடுவாழ் மக்களுக்குக் காட்டின்மீதுள்ள உரிமையை ஏற்கும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2006 ஆம் ஆண்டில் இயற்றியது. 2022 ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலத்து மாவட்டம் ஒன்று அவர் பெயரைப் பெற்றது. காட்டைக் காப்பதும் காட்டில் வாழ்வோரைக் காப்பதும் வேறுவேறு அறங்கள் அல்ல. இவ்வுண்மையை உணர்ந்து ஒழுகுதலே அவ்வீரருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.