வாரன் ஜான்சன்

வாரன் சீமோர் ஜான்சன் (நவம்பர் 6, 1847 – டிசம்பர் 5, 1911) ஓர் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளரும் பேராசிரியரும் தொழில் முனைவோரும் ஆவார். ஒரே கட்டடத்தின் வெவ்வேறு அறைகளில் வெவ்வேறு வெப்பநிலையைத் தானாகவே நிலைநிறுத்தும் முறையை உருவாக்கியமைக்காக இவர் அறியப்படுகிறார். இன்றைய காற்றுப் பதனமாக்கல் அமைப்புகளில் கட்டடத்தை வலயங்களாகப் பிரித்துக் கட்டுப்படுத்தும் வழக்கத்திற்கு இவரது முறை முன்னோடியாகும்.

இளமையும் ஆசிரியப் பணியும்

ஜான்சன் ஐக்கிய அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள லெஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். சிறுவயதிலேயே இவரது குடும்பம் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறியது. அச்சுத் தொழில், நில அளவை, பள்ளி ஆசிரியப் பணி, பள்ளிக் கண்காணிப்பாளர் பொறுப்பு எனப் பல பணிகளைச் செய்த பின்னர், 1876 இல் வைட்வாட்டர் நகரிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பேராசிரியரானார்.

அக்கல்லூரியின் வகுப்பறைகள் அடித்தளத்திலிருந்து வந்த வெப்பத்தால் சூடாக்கப்பட்டன. காற்றடைப்பு மடல்களைத் திறப்பதும் மூடுவதும் அடித்தளத்திலேயே நடந்தன. ஆனால் எந்த அறை குளிர்ந்துள்ளது, எது மிகவும் சூடாக உள்ளது என்பது அங்கிருந்தவருக்குத் தெரியாது. எனவே கட்டடப் பணியாளர் ஒவ்வொரு வகுப்பறையாகச் சென்று வெப்பமானியைப் பார்த்துத் திரும்ப வேண்டியிருந்தது. இதனால் பாடம் தடைப்பட்டது. அவர் அடித்தளத்திற்குச் சென்று மடலைத் திருத்தும் வரை மாணவர்கள் குளிரிலோ புழுக்கத்திலோ அமர்ந்திருந்தனர். இந்தச் சிறிய இடையூறே ஜான்சனின் ஆய்வுக்குத் தூண்டுகோலாயிற்று.

மின் வெப்பங்காட்டி

1883 ஆம் ஆண்டு சூலை 24 அன்று மின் வெப்பங்காட்டி ஒன்றுக்கு இவர் காப்புரிமம் பெற்றார். வெப்பத்தால் வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை இணைத்துச் செய்த சுருள், வெப்பநிலை மாறும்போது வளைந்து மின்சுற்றை இணைக்கும். உடனே அடித்தளத்தில் மணி ஒலிக்கும். பணியாளர் வகுப்பறைக்கு வராமலே மடலைத் திருத்தலாம்.

மில்வாக்கி நகரச் செல்வந்தரான வில்லியம் பிளாங்கின்டன் இதற்கு நிதியுதவி அளிக்க முன்வந்தார். ஜான்சன் ஆசிரியப் பணியைத் துறந்து மில்வாக்கிக்குச் சென்றார். 1885 இல் ஜான்சன் எலெக்ட்ரிக் சர்வீஸ் நிறுவனம் அங்கு நிறுவப்பட்டது.

அறைதோறும் கட்டுப்பாடு

மணி ஒலித்தாலும் மடலைத் திருத்த ஒரு மனிதர் வேண்டியிருந்தது. இக்குறையை ஜான்சன் அழுத்தக் காற்றின் துணையால் நீக்கினார். 1895 இல் காப்புரிமம் பெற்ற இவரது முறையில், அறையின் சுவரிலுள்ள உலோகச் சுருள் ஒரு நுண்ணிய காற்றுத் துளையைத் திறக்கும் அல்லது மூடும். அதனால் குழாயில் ஏற்படும் அழுத்த மாற்றம் ஒரு மென்தகட்டை நகர்த்தி, நீராவி வால்வையோ காற்றடைப்பு மடலையோ இயக்கும். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிக் கருவி இருந்ததால், ஓர் அறையின் தேவை மற்றோர் அறையைப் பாதிக்கவில்லை. அளவுக்கு மீறிச் சூடாக்குவது தவிர்க்கப்பட்டதால் எரிபொருளும் மிஞ்சியது.

பிற முயற்சிகள்

ஜான்சன் ஐம்பதிற்கும் மேற்பட்ட காப்புரிமங்களைப் பெற்றவர். அழுத்தக் காற்றால் இயங்கும் கோபுரக் கடிகாரங்களையும் இவர் வடிவமைத்தார். பிலடெல்பியா நகர மண்டபக் கோபுரத்தின் கடிகாரம் அவற்றுள் ஒன்று. கம்பியில்லாத் தந்தி, தானுந்து உற்பத்தி ஆகியவற்றிலும் ஈடுபட்டார். இவரது நிறுவனம் 1902 இல் ஜான்சன் சர்வீஸ் எனவும், 1974 இல் ஜான்சன் கண்ட்ரோல்ஸ் எனவும் பெயர் மாற்றம் பெற்றது.

மறைவும் தாக்கமும்

ஜான்சன் 1911 இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் காலமானார். அதன்பின் நிறுவனம் இவருடைய பிற முயற்சிகளைக் கைவிட்டு வெப்பநிலைக் கட்டுப்பாட்டில் மட்டும் கவனம் செலுத்தியது.

1970களில் எரிபொருள் விலை உயர்ந்தபோது, மாறும் காற்றளவு முறை பெரிய கட்டடங்களில் பரவியது. இதில் ஏறத்தாழ 13 பாகை செல்சியசு வெப்பநிலையில் குளிர்ந்த காற்று எல்லா வலயங்களுக்கும் அனுப்பப்படும். ஒவ்வொரு வலயத்தின் பெட்டியிலுமுள்ள மடல், தேவைக்கேற்பக் காற்றின் அளவைக் கூட்டும் அல்லது குறைக்கும். மடல்கள் மூடும்போது முதன்மைக் குழாயில் அழுத்தம் உயரும். அதை உணர்ந்து விசிறியின் வேகம் குறைக்கப்படுவதால் மின்சாரம் மிஞ்சுகிறது. தொடக்கத்தில் இம்மடல்கள் பலவற்றை இயக்கியது அழுத்தக் காற்றே. 1980களிலிருந்து எண்ணிமக் கட்டுப்பாடு அதன் இடத்தைப் பிடித்தது. எனினும், எவ்வளவு காற்று வேண்டும் என்பதை அடித்தளம் அல்லாமல் அறையே தீர்மானிக்க வேண்டும் என்ற ஜான்சனின் அடிப்படைக் கருத்து மாறவில்லை.

2008 இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கம் இவரது பல்வலய வெப்பநிலைக் கட்டுப்பாட்டு முறையை வரலாற்றுச் சிறப்புமிக்க பொறியியற் சின்னமாக அறிவித்தது.