வேலை கேட்டுப் போன முத்தையா

செட்டிநாட்டில் நெற்குப்பைப் பக்கம் சிறுகூடல்பட்டி என்று ஒரு சிற்றூர். 1927 ஜூன் 24-ந் தேதி அங்கே பிறந்த பிள்ளைக்கு முத்தையா என்று பெயர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது, எழுத்தாசை நிற்கவில்லை. வீட்டில் சொல்லாமல் சென்னைக்குக் கிளம்பிவிட்டார். பட்டணத்தில் ஆதரிப்பார் யார்? வயிற்றுப்பாட்டுக்குத் திருவொற்றியூரில் ஒரு கம்பெனி வேலைதான் கிடைத்தது.

ஆனாலும் பையன் மனம் தளரவில்லை. 1944 வாக்கில் புதுக்கோட்டைக்குப் போய், 'திருமகள்' பத்திரிகையில் வேலை கேட்டார். புனைபெயர் உண்டா என்று விசாரித்தார்கள். அந்தக் கணத்தில் தோன்றியதைச் சொன்னார்: கண்ணதாசன்! பெயரும் நிலைத்தது, வேலையும் கிடைத்தது. விரைவிலேயே அதன் ஆசிரியரும் ஆனார்.

ஒரு பத்திரிகை இன்னொன்றுக்கு வழிகாட்டியது. 'திரை ஒலி'யில் எழுதினார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் நடத்திய 'சண்டமாருத'த்திலும் பணியாற்றினார். சினிமாக்காரர்களின் பழக்கம் ஏற்பட்டது. 1949-ல் வெளிவந்த 'கன்னியின் காதலி' படத்துக்கு முதல் பாட்டு எழுதினார். பிறகு தமிழ்நாடே அவர் பாட்டைப் பாடிற்று. 1980-ல் 'சேரமான் காதலி' நாவலுக்குச் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. மறு ஆண்டு அக்டோபர் 17-ல் சிகாகோ நகரில் காலமானார்.

எழுத்து வேலை தேடும் பிள்ளைகளே, கதவைத் தட்டக் கூச்சப்படாதீர்கள். கதவு திறந்ததும் கொடுப்பதற்குக் கையில் எழுத்து இருக்கட்டும்!