விரல் வெளுத்த ரகசியம்
(மருத்துவர் மாரிஸ் ரேனோ, 1834 – 1881)

ஐஸ் கட்டியைக் கொஞ்ச நேரம் கையில் வெச்சிருந்தா விரல் மரத்துப் போகும். அது எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனால் லேசான குளிருக்கே விரல்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, தொட்டாலும் உணர்ச்சியே இல்லாமல் போனால்? அதன் காரணத்தைத் தேடியவர்தான் பிரான்சு நாட்டு மருத்துவர் மாரிஸ் ரேனோ.

இவர் 1834 ஆகஸ்டு 10-இல் பாரிஸில் பிறந்தார். தந்தை பேராசிரியர். உறவினரான வெர்னுவா என்ற புகழ்பெற்ற டாக்டரின் உதவியோடு மருத்துவம் படித்தார். 1862-இல் டாக்டர் பட்டத்துக்காக ஓர் ஆய்வு எழுதினார். அதில் 25 நோயாளிகளைப் பற்றிச் சொன்னார். அவர்களில் 20 பேர் பெண்கள்!

விரல் கறுத்து அழுகினால் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தார்கள். ரேனோ நாடி பிடித்துப் பார்த்தார். நாடி நன்றாகவே துடித்தது! அப்படியானால் அடைப்பு இல்லை. குளிரிலும் மனக்கலக்கத்திலும் சின்னக் குழாய்கள் இறுகிச் சுருங்கிவிடுகின்றன என்றார். ரத்தம் வராதபோது விரல் வெள்ளை. ஆக்சிஜன் குறைந்தால் நீலம். மறுபடி ரத்தம் பாய்ந்தால் சிவப்பு, கூடவே குத்தல் வலி. கால் விரலுக்கும் இதே கதைதான்.

நரம்புகள்தான் முழுக் காரணம் என்று அவர் நம்பினார். பின்னால் லண்டனைச் சேர்ந்த தாமஸ் லூயிஸ், குழாய்களிலேயே கோளாறு இருக்கலாம் என்று காட்டினார். இரண்டுக்கும் பங்கு உண்டு என்பது இன்றைய கருத்து. ஆனால் ரேனோ கண்ணால் பார்த்து எழுதியது மாறவில்லை. நோய்க்கும் அவர் பெயரே நிலைத்தது.

1879-இல் பிரான்சு மருத்துவ அகாதமி உறுப்பினரானார். 1881 ஜூன் 29-இல் இதயநோயால் காலமானார். வயது 46தான். மருத்துவத்தில் சந்தேகம் கேட்பது பற்றி அவர் எழுதி வைத்த உரையை, அந்த ஆகஸ்டில் லண்டன் மாநாட்டில் வேறொருவர்தான் வாசித்தார்.

தெரிந்துகொள்வோம்: பெரும்பாலோருக்கு இது ஆபத்தில்லை. கையுறை, காலுறை போட்டுக் கதகதப்பா இருந்தாலே போதும். புகைப்பழக்கம் கூடவே கூடாது. விரலில் புண் வந்தாலோ, அடிக்கடி நிறம் மாறினாலோ டாக்டரிடம் காட்டணும். வேறு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். யாராவது விரல் வெளுக்குதுன்னு சொன்னா சிரிக்காதீங்க. ரேனோ மாதிரி நின்று கவனிங்க!